வறுமை என்னும் மணமகள்

செல்வன் ஒருவன் இயேசுபிரானை நாடி ஓடிவந்தான். அவர் முன் மண்டியிட்டு, நித்திய வாழ்வை அடையும் வழியைக் கேட்டான். இறைக் கட்டளைகள் அனைத்தையும் இளமை முதலே கடைப்பிடித்து வருவதாகவும் கூறினான். இயேசுபிரான் அவனை அன்போடு நோக்கினார். இன்னும் ஒரு குறை இருப்பதைச் சுட்டிக்காட்டி, உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்தொடரும்படி அழைத்தார். அவன் முகம் வாடியது. துயரத்தோடு திரும்பிச் சென்றான்.

அவனைத் தடுத்தது எந்தப் பாவச் செயலும் அன்று. அவன் ஒழுக்கமானவன்; ஆன்ம தாகமும் உள்ளவன். ஆயினும் அவன் செல்வத்தை வைத்திருக்கவில்லை. செல்வம் அவனை வைத்திருந்தது. பொருளின் பிடி எத்தகையது என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி உணர்த்துகிறது. அப்பிடியிலிருந்து விடுபட்ட ஒருவரின் வாழ்வும், அவருக்குப் பின் அவர் வழிவந்தோர் அதே பிடியோடு நடத்திய போராட்டமும் கிறிஸ்தவ சமய வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க பகுதிகள்.

ஏற்கப்படாத காணிக்கை

இத்தாலி நாட்டின் அசிசி நகரில் துணி வணிகர் பியெத்ரோ பெர்னர்தோனேயின் மகனாகப் பிறந்தவர் புனித பிரான்சிஸ். இளமையில் ஆடம்பரத்தில் திளைத்த அவர் உள்ளத்தில் இறைநாட்டம் எழுந்தது. பாழடைந்து கிடந்த புனித தமியானோ ஆலயத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆவலில், தந்தையின் கடையிலிருந்து துணிகளை எடுத்துச் சென்று ஃபோலீஞோ நகரில் விற்றார். தாம் ஏறிச் சென்ற குதிரையையும் விற்றார். கிடைத்த பணத்தை அவ்வாலயத்தின் ஏழைக் குருவிடம் நீட்டினார். அவரோ, பிரான்சிஸின் குடும்பத்தாருக்கு அஞ்சி வாங்க மறுத்துவிட்டார். பிரான்சிஸ் பணப்பையைச் சாளரத்தில் எறிந்துவிட்டார்.

இறைவனுக்குப் பணம் கொடுப்பதே பக்தி என்று எண்ணிய இளைஞருக்கு அந்த மறுப்பே முதல் உபதேசமாக அமைந்தது. அவர் கொடுக்க முன்வந்தது அவருடையது அன்று. இறைவன் கேட்டதும் அது அன்று.

1206-ஆம் ஆண்டளவில் தந்தை தொடுத்த வழக்கு பிஷப்பின் முன் வந்தது. பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் முன் வைத்தார். இனித் தமக்குத் தந்தை வானில் உள்ளவர் ஒருவரே என்று அறிவித்தார். வெற்றுடலோடு நின்ற அவரைப் பிஷப் தம் மேலாடையால் போர்த்தினார். அன்றிலிருந்து அவர் வறுமையைத் தம் மணமகளாக வரித்துக்கொண்டார்.

மூன்று நிகழ்ச்சிகள்

அவரைப் பின்பற்றித் தோழர்கள் சேர்ந்தனர். 1223-இல் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியஸ் ஏற்றளித்த விதிமுறையில், சகோதரர்கள் தாமாகவோ பிறர் வழியாகவோ நாணயத்தைப் பெறலாகாது என்று பிரான்சிஸ் விதித்தார். கையால் உழைக்க வேண்டும். வேண்டியது கிடைக்காதபோது பிச்சை ஏற்க வேண்டும். இந்த விதியின் உட்கருத்தை அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறும் மூன்று நிகழ்ச்சிகள் விளக்குகின்றன.

உடைமையே இல்லாத வாழ்வு மிகக் கடுமையானது என்று அசிசி பிஷப் ஒருமுறை அவரிடம் பரிவோடு கூறினார். அதற்குப் பிரான்சிஸ், உடைமை இருந்தால் அதைக் காக்க ஆயுதம் தேவைப்படும். வழக்கும் பகையும் பின்னாலேயே வரும். அவை இறையன்பையும் பிறரன்பையும் கெடுத்துவிடும் என்று பதில் அளித்தார். ஊருக்கு ஊர் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிரான்சிஸும் இளமையில் பெருஜியா நகரத்தாரோடு போரிட்டுச் சிறைப்பட்டவர். அனுபவத்தில் கண்ட உண்மையையே அவர் சொன்னார்.

மற்றொரு முறை, போர்சியுங்கொலா என்னும் சிற்றாலயத்தின் அருகே சகோதரர்கள் கூடுவதற்காக அசிசி மக்கள் ஒரு கல்வீடு கட்டினர். வெளியூரிலிருந்து திரும்பிய பிரான்சிஸ் அதைக் கண்டு திடுக்கிட்டார். கூரைமேல் ஏறி ஓடுகளைப் பெயர்த்து எறியத் தொடங்கினார். அது சகோதரர்களுடையது அன்று, நகரத்தாருடையது என்று கீழிருந்தோர் கூறியதும் கை நிறுத்தி இறங்கிவிட்டார். போர்சியுங்கொலா ஆலயத்தையும் அவர் தமதாகக் கொள்ளவில்லை. அது பெனடிக்டின் துறவிகளுக்குரியது என்பதை மறவாதிருக்க, ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை அவர்களுக்கு வாடகையாக அனுப்பிவந்தார்.

மூன்றாவது நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. புதிதாகச் சேர்ந்த ஓர் இளந்துறவி, சங்கீதங்கள் அடங்கிய நூல் ஒன்று தனக்கென வேண்டும் என்று கேட்டான். கேட்டது பொன்னை அன்று, பிரார்த்தனை நூலை! ஆனால் பிரான்சிஸ் தயங்கினார். இன்று ஒரு நூல் கிடைத்தால் நாளை மற்றொன்று வேண்டியிருக்கும்; பின்னர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, நூலை எடுத்து வா என்று சக துறவியை ஏவத் தோன்றும் என்று எச்சரித்தார். பற்று புகுவதற்குப் பொற்காசுதான் வேண்டும் என்பதில்லை. புனிதப் பொருளும் அதற்கு வாசலாகலாம்.

நியாயங்களின் படிக்கட்டு

1226, அக்டோபர் 3 அன்று பிரான்சிஸ் உடல் நீத்தார். தம் இறுதி உயிலில், விதிமுறைக்கு விளக்கவுரை எழுதி அதன் பொருளைத் திரிக்கலாகாது என்று வேண்டியிருந்தார். 1228-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். மறுநாளே அவர் பெயரால் அசிசியில் பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஓட்டைப் பெயர்த்து எறிந்தவருக்கு இத்தாலியின் சிறந்த ஓவியர்கள் அழகூட்டிய கோயில் எழுந்தது. கட்டடப் பணிக்கென வைக்கப்பட்ட காணிக்கைப் பாத்திரத்தை, பிரான்சிஸின் அணுக்கத் தோழரான சகோதரர் லியோ உடைத்தார் என்றும், அதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்றும் மரபு கூறுகிறது.

சபையில் அதற்குள் பல்லாயிரம் பேர் சேர்ந்துவிட்டனர். நோயுற்றோரைப் பேண வேண்டும். உபதேசிப்போர் கற்க வேண்டும். கற்க நூல் வேண்டும். நூலை வைக்க வீடு வேண்டும். எல்லாமே நியாயமான தேவைகள். 1230-இல், உயில் சபையைக் கட்டுப்படுத்தாது என்று ஒன்பதாம் கிரகோரி தீர்ப்பளித்தார். துறவிகளுக்காகப் பணத்தை வேறொருவர் கையாளவும் வழி செய்தார். 1245-இல் நான்காம் இன்னசன்ட், அவர்கள் பயன்படுத்தும் பொருள்களின் உரிமை போப்பாண்டவரின் பீடத்தைச் சேரும் என்று வகுத்தார். உரிமை அங்கே, பயன்பாடு இங்கே! ஏட்டளவில் அவர்கள் ஏதுமற்றவர்கள், களஞ்சியமோ நிறைந்திருந்தது.

இதை ஏற்காத ஒரு பிரிவினர் பிரான்சிஸின் வறுமையை அப்படியே காக்கப் போராடினர். அவர்களது தூய்மை போற்றத்தக்கது. ஆனால் காலப்போக்கில் குட்டையான கந்தல் அங்கியே அவர்களுடைய கொடியாகிவிட்டது. அங்கியைப் பற்றியும் களஞ்சியத்தைப் பற்றியும் மூண்ட வாதத்தில், பணிய மறுத்த நால்வர் 1318-இல் மார்செய் நகரில் எரிக்கப்பட்டனர். 1322-இல் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான், உண்டால் தீர்ந்துபோகும் பொருளில் பயன்பாட்டையும் உரிமையையும் பிரிக்க முடியாது என்று வாதிட்டு, பீடத்தின் உரிமையைத் துறந்தார். மறு ஆண்டு, கிறிஸ்துவும் அவருடைய சீடர்களும் தனியாகவோ பொதுவாகவோ எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்று பிடிவாதமாகச் சாதிப்பது சமய விரோதம் என்று அறிவித்தார்.

நூறாண்டுக்குள் எத்தகைய மாற்றம்! யாரும் ஒரே நாளில் வீழவில்லை. ஒவ்வொரு படியும் நியாயமானதாகவே தோன்றியது. துறவறத்தைச் சிதைப்பது பெரும்பாலும் பேராசை அன்று. பற்றுக்குத் துணை நிற்கும் தர்க்க அறிவே. மறுபுறம், எதுவும் எனதன்று என்ற நிலையையே தன் உடைமையாகக் கொண்டு அதற்காகப் பிறரைப் பகைப்பவனும் செல்வனே. அவன் பெட்டியில் இருப்பது பொன்னுக்குப் பதில் அகந்தை.

கிளாராவின் வழி

இவ்விரு நிலைகளுக்கும் அப்பால் நின்றவர் பிரான்சிஸின் சீடரான புனித கிளாரா. சொத்தை ஏற்றுக்கொள்ளும்படி ஒன்பதாம் கிரகோரி அவரை வற்புறுத்தினார். வறுமை விரதம் தடையாக இருந்தால் அதிலிருந்து விடுவிப்பதாகவும் கூறினார். தம் பாவங்களிலிருந்து விடுவித்தால் போதும், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து விடுதலை வேண்டியதில்லை என்று கிளாரா பணிவோடு மறுத்தார். பிறர் மானியமும் நிலமும் கேட்டுப் போப்பாண்டவரை அணுகிய காலத்தில், எதையும் பெறாதிருக்கும் உரிமையைக் கேட்டு 1228-இல் அவர் சாசனம் பெற்றார். அவர் வகுத்த விதிமுறைக்கு 1253, ஆகஸ்ட் 9 அன்று நான்காம் இன்னசன்ட் ஒப்புதல் அளித்தார். அடுத்த இரண்டாம் நாள் கிளாரா இறைவனடி சேர்ந்தார். அவர் யாரையும் பழிக்கவில்லை. கூரை எதையும் இடிக்கவில்லை. தாம் பற்றியதை விடாமல், அன்போடு காத்திருந்தார்.

தன்னைத் தானே சோதித்தல்

குடும்பத்தில் வாழ்பவன் பொருளின்றி வாழ இயலாது. பிரான்சிஸ் அவர்களிடம் அதைக் கேட்கவுமில்லை. ஆலயங்களும் மடங்களும் மருத்துவமனைகளும் பொருளின்றி நடவா. ஆனால் பொருளைக் கையாளும் எவரும், துறவியாயினும் இல்லறத்தாராயினும், அந்த மூன்று நிகழ்ச்சிகளிலிருந்து மூன்று கேள்விகளைப் பெறலாம். இதைக் காக்க என் உள்ளம் ஆயுதம் ஏந்துகிறதா? இது உண்மையில் என்னுடையதா, அல்லது பயன்படுத்தத் தரப்பட்டதா? இது என்னைச் சகோதரனுக்கு மேலான இருக்கையில் அமர்த்துகிறதா? இரவில் தனிமையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. அப்போது நியாயங்கள் எழுந்து வரும். அந்த நியாயங்களையே முதலில் ஐயுற வேண்டும்.

போர்சியுங்கொலா ஆலயம் இன்றும் உள்ளது. பின்னாளில் எழுந்த ஒரு பெரும் பேராலயத்தின் குவிமாடத்தின் கீழே, சில அடிகள் நீளமே உள்ள அந்தக் கற்கட்டடம் அடக்கமாக நிற்கிறது. அதை அடுத்த குடிலில்தான் பிரான்சிஸ் உயிர் நீத்தார். இறுதி வேளையில் அவர் ஆடையின்றி வெறுந்தரையில் கிடக்க விரும்பினார். மடத்தின் பொறுப்பாளர் ஓர் அங்கியைக் கொண்டுவந்து, இது இரவலாகத் தரப்படுகிறது, இதைப் பிறருக்குக் கொடுத்துவிடும் உரிமை உமக்கு இல்லை என்று கட்டளையிட்டார். பிரான்சிஸ் மகிழ்ந்தார். தம் மணமகளுக்கு இறுதிவரை உண்மையாக இருந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அது.

உடலும் உயிரும் உறவும் பொருளும் அந்த அங்கியைப் போன்றவையே. இரவல் என்று அறிந்து அணிபவனுக்கு, களையும் நேரத்தில் துயரம் இல்லை.