கட்டையை நகர்த்தும் கை



பிறருடைய நன்மையைக் கருதி, அவருக்குத் தெரியாமலே அவர் நடக்கும் வழியை மாற்றிவைக்க நமக்கு அதிகாரம் உண்டா? கேட்பதற்கு இது சாஸ்திரிகள் வாதாடும் விஷயம்போல் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் அடுப்பங்கரை முதல் படிப்பு மேசை வரை தினந்தோறும் நடக்கிற காரியம்தான். இதைத் தெளிவாகப் பார்க்க ஒரு விளையாட்டு நமக்கு உதவும். விளையாட்டைக் கொண்டா இந்த விசாரணை என்று முகம் சுளிக்க வேண்டாம்.

2001-ஆம் ஆண்டில் 'ஜங்க்பாட்' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டு வெளிவந்தது. நம் பக்கத்து ஊர்களில் 'பிரவுசிங் சென்டர்' என்ற பலகைகள் தொங்கத் தொடங்கியிருந்த காலம் அது. கடையில் விலை கொடுத்து வாங்கவேண்டிய ஆட்டமன்று. அப்போது இன்டர்நெட்டில் உரிய பக்கத்தைத் திறந்தால் அங்கேயே ஆட முடிந்தது. லேகோ கம்பெனிக்காக நியூயார்க் நகரத்துக் கேம்லாப் என்ற சிறு நிறுவனம் இதைச் செய்து கொடுத்தது.

லேகோ என்பது ஒன்றின்மேல் ஒன்று இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள். டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய தொழில் அது. நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைசல்காரர்களைப்போல் அவரும் முதலில் மரத்தில்தான் பொம்மை செய்தார். 'நன்றாய் விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கிப் பெயரிட்டார். இப்போது நாம் காணும் குமிழ்க் கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழுள்ள, ஒரே நிறமுள்ள ஆறு கட்டைகளை 91,51,03,765 விதமாக இணைக்கலாமாம். ஆறே கட்டைகள்! கணித வல்லுநர் கணக்கிட்டுச் சொன்னதால் நம்புகிறோம்.

விளையாட்டுக்கு வருவோம். திரையில் ஒரு சிறு இயந்திர மனிதன் நடக்கிறான். குப்பைத் தொட்டி இருக்குமிடம் சேர்ந்து அதிலுள்ளதைத் தின்பதே அவன் தொழில். யாரும் ஏவாமலே நடந்துகொண்டிருப்பான். சுவர் தட்டினால் திரும்பிக்கொள்வான். ஒரு கட்டை உயரப் படியானால் ஏறிவிடுவான். வழியில் நெருப்பும் இருக்கும். ஆடுகிறவர் அவனை 'நில்' என்று தடுக்க முடியாது, 'இங்கே வா' என்று கூப்பிட முடியாது, கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. அவன் காலுக்கு முன்னே வரப்போகும் கட்டைகளை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், அவ்வளவே. அசைக்க முடியாத கட்டைகளும் இருக்கும்; அவற்றை அனுசரித்துத்தான் வழி அமைக்கவேண்டும்.

ராமநதித் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. தண்ணீருக்குக் கட்டளையிட்டவர் யார்? மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறக்கிறோம். தண்ணீர் தன் இயல்புப்படி ஓடி நாம் நினைத்த வயலில் பாய்கிறது. பிள்ளைகளிடத்திலும் அப்படியே. பரீட்சைக் காலத்தில் செல்போன் பீரோவின் மேல்தட்டுக்கு ஏறிவிடுகிறது. நன்றாய்ப் படிக்கும் பையன் பக்கத்தில் நம் பையனை உட்காரவைக்கும்படி டீச்சரிடம் காதோடு சொல்லி வருகிறோம். ஆச்சி உண்டியலைப் பேரன் கண்ணில் படும்படி மாடக்குழியில் வைக்கிறாள். ஒரு வார்த்தை கண்டிப்பு இல்லை, காரியம் நடந்துவிடுகிறது.

இந்த உபாயத்தை அறிஞர்கள் ஒரு கொள்கையாகவே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலர், காஸ் சன்ஸ்டீன் என்ற இருவரும் 2008-ல் 'நட்ஜ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். முழங்கையால் இலேசாய் இடித்துவிடுதல் என்பது அந்தச் சொல்லின் பொருள். தேலருக்கு 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பழங்களைக் கண்ணெதிரே வைத்தால் பிள்ளைகள் பழத்தை எடுப்பார்கள் என்பது அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று. பிரிட்டனில் 2012 முதல் தொழிலாளரை ஓய்வூதியச் சேமிப்பில் முதலாளியே சேர்த்துவிடவேண்டும் என்று சட்டமாயிற்று; வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். பெரும்பாலோர் விலகவில்லை. முதுமைக்கு நாலு காசு சேர்ந்தால் நல்லதுதானே?

நல்லதுதான். ஆயினும் நல்லது என்று யார் தீர்மானித்தார்கள்? ஜங்க்பாட்டைப் பற்றி இந்தக் கேள்வி எழாது. அவனுக்குக் குப்பைத் தொட்டியைத் தவிர வேறு நாட்டமில்லை. 'என் வழியில் இந்தக் கட்டையை வைத்தது யார்?' என்று தலைநிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தெரியாது. தண்ணீரும் கேட்பதில்லை. மனிதன் கேட்பான். கேட்கும் சக்திக்குத்தான் சுயாதீனம் என்று பெயர். படைத்தவரே அதைப் பறிக்கவில்லை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம்.

ஆகவே நான் வைத்திருக்கும் உரைகல் இது: எந்தக் கட்டையை நகர்த்தினேன், ஏன் நகர்த்தினேன் என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகும் அந்த ஏற்பாடு நிற்குமா? 'உன் கவனம் சிதறாதிருக்க செல்போனை மேலே வைத்தேன்' என்றால் பையன் முணுமுணுப்பான், பிறகு படிப்பான். உண்டியல் விஷயம் பேரனுக்கு எப்போதோ தெரியும். இவை நிற்கும். இன்னொன்றைப் பாருங்கள். வெளியூர்க் கல்லூரியிலிருந்து மகளுக்குக் கடிதம் வருகிறது. தகப்பனார் அதை வாங்கி மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, 'அங்கே இடம் நிரம்பிவிட்டதாம் அம்மா, பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்ந்துவிடு' என்கிறார். பக்கத்துக் கல்லூரி நல்ல கல்லூரியாகவே இருக்கட்டும். அவள் அங்கே முதல் வகுப்பில் தேறட்டும். அந்தக் கடிதம் ஒருநாள் அவள் கையில் அகப்பட்டால் அவள் அழப்போவது கல்லூரிக்காக மட்டும்தானா? தன் தகப்பனார் தன்னை இயந்திரமாக எண்ணினார் என்பதற்காகவும் அழுவாள். நன்மை விளைந்தது என்பதால் அந்த அநியாயம் அழிந்துவிடாது. 'பெற்றவனுக்கு இல்லாத உரிமையா?' என்று சிலர் சினப்பது எனக்குத் தெரியும். தடுக்க உரிமை உண்டு. எதிரே நின்று தடுக்கட்டும்.

எதிரே நின்று வழியமைத்த ஒரு தகப்பனாரை நம் ஊருக்குத் தெரியும். கடையத்து மருமகன் சுப்பிரமணிய பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர். கணிதத்திலும் இயந்திரங்களிலும் நாட்டமுள்ளவர்; எட்டயபுரத்தில் பஞ்சாலை நடத்திப் பார்த்தவர். மகனும் அந்த வழியில் வரவேண்டுமென்று அவனைத் திருநெல்வேலிக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பினார். மகனுக்கோ கவிதைமேல் மோகம். அந்தப் படிப்பினால் தனக்கு விளைந்த மனக்கசப்பைப் பாரதி பின்னாளில் தன் சுயசரிதைப் பாட்டிலேயே சொல்லிவைத்தார். தந்தை மறைத்து ஒன்றும் செய்யவில்லை; ஆதலால் மகனும் மறைக்காமல் எதிர்த்துப் பேச முடிந்தது. அந்தச் சண்டையில் ஒரு கௌரவம் இருக்கிறது. 1904-ல் பாரதி 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்கும் வேலைக்குக் கைகொடுத்தது அவர் வெறுத்த அதே படிப்பு. தகப்பனார் பஞ்சாலைப் பக்கம் போட்ட கட்டை பத்திரிகைக்குப் படியாயிற்று. ஆறு கட்டைகளுக்கே கோடிக்கணக்கான உருவங்கள் இருக்கும்போது, நாம் வைக்கும் கட்டை எந்த உருவத்தில் போய்ச் சேரும் என்று நம்மால் சொல்லிவிட முடியுமா?

மூன்று வயதுக் குழந்தையிடம் அரிவாள்மணையை ஏன் எடுத்துவைத்தோம் என்று வியாக்கியானம் செய்துகொண்டிருக்க முடியாது, எடுத்துவைத்தால் போதும். பதின்மூன்று வயதில் காரணம் சொல்லவேண்டும். பதினேழில் கட்டையையே கையில் கொடுக்கவேண்டும், அவன் வைக்கும் இடம் நமக்குப் பிடிக்காவிட்டாலும். நம்மில் அநேகருக்கு இந்தக் கணக்கு ஒப்பும். பதினேழு வந்துவிட்டது என்பதைத்தான் மனம் ஒப்புவதில்லை. ஜங்க்பாட் எத்தனை கட்டங்களைத் தாண்டினாலும் கட்டைகள் அவன் கைக்கு வருவதில்லை. அது விளையாட்டு, போகட்டும்.

பிளஸ் டூ முடிவுகள் வந்தபின் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜினீயரிங் கலந்தாய்வு 2018 முதல் இன்டர்நெட்டில் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று விருப்பங்களை வரிசைப்படுத்தித் தரவேண்டும். மேலே இருப்பதைக் கீழே இறக்கலாம், கீழே இருப்பதை மேலே ஏற்றலாம். பல வீடுகளில் பதிவுசெய்த செல்போன் தகப்பனாருடையது. ரகசிய எண் அவருக்குத்தான் வருகிறது. பிள்ளை தூங்கியபிறகு, திண்ணையில் உட்கார்ந்து, மூன்றாவதாய் இருந்ததை முதலாவதாக்கிவிட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. உள்ளே போய் அவனை எழுப்பி, 'தம்பி, இதை மேலே கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்லுகிறாய்?' என்று கேட்டால் ஒரு மணி நேரம் தர்க்கம் நடக்கும். பிறகு அவன் 'வேண்டாம்' என்றும் சொல்லலாம்.