தாளில் எழுதிய குணம்

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஆக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு இன்று பெங்களூர் வரை வந்துவிட்டது. ஆடுவோர் வீரனாகவோ திருடனாகவோ பாத்திரம் ஏற்றுக் கதையை நடத்துவர். நடுவர் ஒருவர் தீர்ப்பளிப்பார். பாத்திரத்தின் ஒழுக்கச் சார்பையும் தாளில் எழுதிவைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றே. பின்னர் நன்மை தீமையும் கலந்து ஒன்பதாயின.

சரணடைந்த பகைவனை வெட்டிவிட்டு, “என் பாத்திரத்தின் குணமே அது” என்கிறான் ஆடுபவன். இந்த வாதம் மேசையோடு நின்றால் கவலையில்லை.

குணம் என்பது உள்ளத்தில் ஊன்றிய நிலை. செயல்கள் அதிலிருந்து தயக்கமின்றிப் பிறக்கின்றன என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் விளக்குகிறார்கள். ஆயினும் அந்நிலை பயிற்சியால் மாறும் என்பதே அவர்கள் முடிபு. மாறாதெனில் உபதேசம் எதற்கு? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்ல வாளேந்திப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்களுக்கு மக்கத்தார் எந்தச் சார்பை எழுதியிருப்பர்? அவர்கள் ஈமான் கொண்டதைப் பாட உமறுப் புலவர் சீறாவில் தனிப் படலமே வகுத்தார்.

விளையாட்டின் நடுவருக்கு ஒரு வசதியுண்டு: ஆடுபவன் தன் பாத்திரத்தின் நிய்யத்தை வாய்விட்டே சொல்லிவிடுகிறான். (அப்படியும் அங்கே சச்சரவு ஓய்வதில்லை!) காஜிக்கோ வெளிப்பட்ட செயலும் சாட்சியமுமே உண்டு, உள்ளம் அல்லாஹ்வின் கணக்கில். நாம் தேன்கனிக்கோட்டைத் தெருவில் அமர்ந்து, சாட்சியுமின்றி, “அந்த ஊர்க்காரன் அப்படித்தான்” என்று தாள் எழுதிவிடுகிறோம். ஆலை வேலைக்கு வந்த இளைஞனுக்கு வாடகை வீட்டை மறுக்க அதுவே போதுமானதாயிருக்கிறது.