வலது கால் மட்டும்

பெரிய வியாழன் மத்தியானம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சத்தம் கேட்கும். அப்பா பீர்க்கங்கூட்டால் குதிகாலைத் தேய்க்கிற சத்தம். பித்தவெடிப்புக்குள் ஏறிய செம்மண் லேசில் போகாது. சோப்புப் போட்டு, துவைகல்லில் உரசி, மறுபடியும் சோப்பு. காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு. சாயந்தரம் கோயிலில் சாமியார் கழுவப்போகிற கால் அது. அவர் கழுவுவதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதில் அப்பா கவனமாக இருந்தார். தேய்ப்பது வலது காலை மட்டும்தான். இடது கால் செருப்புக்குள்ளேயே இருக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்?

பீடத்துக்கு முன்னால் போடுகிற பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று இருபது வருசத்துக்கு மேல் அப்பாவுடையதாக இருந்தது. கோயில்பிள்ளை பெயர் கேட்டு வீட்டுக்கு வரக்கூட மாட்டார். செம்பிலிருந்து ஒரு கை தண்ணீர், துண்டால் ஓர் ஒற்று, குனிந்து ஒரு முத்தம், அடுத்தவர். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. உயிர்ப்புப் பண்டிகை முடிகிறவரை ஊரில் அவர்களை ‘அப்போஸ்தலர்’ என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். அப்பாவுக்கு அது கிண்டலாகப் பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் தலையான பாவங்கள் ஏழையும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் மனப்பாடம் பண்ண வைத்தார்கள். ‘மட்டசனம்’ என்று வருகிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சிரிப்போம். அளவாகச் சாப்பிடுவதற்கு அப்படி ஒரு பெயர். அகங்காரத்துக்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. அந்தச் சொல்லில் யாரும் நின்றதில்லை. தமிழில் அது கொஞ்சம் ஆபத்தான சொல் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. புண்ணியத்துக்கும் அதே வேர்தான்; ஒருவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவதற்கும் அதே வேர்தான். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வடக்கன்குளம் போதும். 1872-இல் கட்டிய கோயில் அது. இரண்டு சாதிக்காரரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம் என்று, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு பிரிவாக எழுப்பினார்கள். 1910-இல் தடுப்பை எடுத்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. அந்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தாழ்ச்சியைப் பற்றி எத்தனை பிரசங்கம் நடந்திருக்கும்! உயரத்தில் இருப்பவனுக்குத்தான் இறங்குகிற வேலை இருக்கிறது. ஏற்கெனவே குனியவைக்கப்பட்டவரிடம் போய்த் தாழ்ச்சி கற்பிப்பது பிரசங்கமே அல்ல, அது ஏவல். யோவான் எழுதிய நற்செய்தியில் 13-ஆம் அதிகாரத்தை யாரும் புரட்டிப் பார்க்கலாம். சீடர்களின் காலைக் கழுவ எழுந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டவர் பந்தியிலேயே பெரியவரான இயேசு.

ஆனால் அந்த அதிகாரத்தில் என்னை நெருடுகிறவர் பேதுரு. கழுவினவரைப் பற்றி வருசாவருசம் கேட்டிருக்கிறேன். காலை இழுத்துக்கொண்டவரைப் பற்றிக் கேட்டது குறைவு. நீர் போய் என் காலைத் தொடுவதா என்று அவர் மறுத்தது பார்வைக்கு எவ்வளவு பணிவாக இருக்கிறது! அப்படியானால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று சொன்னதும், அப்படியே மறுகோடிக்குத் தாவி, கால் மட்டும் போதாது, கையும் தலையும் என்கிறார். வேண்டாம் என்றாலும் சரி, கூடுதலாக வேண்டும் என்றாலும் சரி, எவ்வளவு என்று முடிவு செய்வது தானாக இருக்க வேண்டும் அவருக்கு. கொடுக்கிற இடத்தில் குனிவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, குனிந்தாலும் செம்பு நம் கையில்தானே இருக்கிறது. வாங்குகிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஆகாத காரியம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் ஏழாம் அதிகாரம் முழுக்கத் தாழ்ச்சிதான். பன்னிரண்டு படி வைத்திருக்கிறார். சட்டென்று சிரித்துவிடாமல் இருப்பதும் அதில் ஒரு படி. இந்த ஒரு படியில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. நாற்காலிக்குச் சண்டை போட்டவர்களில் சிரிக்கிற முகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அவிலா தெரேசம்மாள் 1577-இல் எழுதிய நூலில் தாழ்ச்சியை உண்மையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார். உண்மையில் நடப்பதற்குப் பெயர்தான் அது என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம். குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா? இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

2013-இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளங்குற்றவாளிகளை வைத்திருக்கும் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆண்கள் மட்டும் என்றிருந்த சடங்கு விதியை 2016 ஜனவரியில் அவர் மாற்றினார். அந்த வருசமே எங்கள் பங்குத்தந்தை, பங்குக்குள் இருக்கிற சிறு குழுவான அன்பியத்துக்கு ஒருவர் என்று சீட்டுக் குலுக்கினார். எங்கள் அன்பியத்துக்கு விழுந்தது கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவின் பெயர். “நானா கேட்டு உக்காந்தேன், நமக்கு எதுக்கு அதெல்லாம்” என்று சொல்லிவிட்டு அப்பா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்புறம் அந்தக் கடைசி பெஞ்சை விடவே இல்லை. பார்த்தவர்கள் எவ்வளவு அடக்கமான மனுசன் என்றார்கள். அது என்ன பெஞ்ச் என்று எனக்குத் தெரியும். அழைப்பிதழில் என் பெயர் விட்டுப்போகிறபோது நானும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொள்கிறேன், இதே குரலில்.

அந்த அக்காவுக்கு வழக்கம் தெரியாது. இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தாம்பாளத்துக்குள் வைத்துவிட்டார். எங்கோ வேலை முடித்து நேராக வந்திருந்த கால். சாமியார் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டையும் கழுவினார். துண்டில் பழுப்பு நிறம் ஏறியது. வீட்டுக்கு வந்து அப்பா சொன்ன ஒரே விமர்சனம்: “ரெண்டு காலையும்லா வச்சிட்டா!”

பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்கு இடதுபக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கட்டிலுக்குக் கீழே பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் வைத்து உட்கார்ந்தேன். வலது காலைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “விடுல, நான் பாத்துக்கிடுதேன்.” நாக்கு குழறினாலும் அதிகாரம் குறையவில்லை. சரியென்று இடது காலைத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தேன். அதை அவரால் இழுக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குதிகாலைக் கிட்டத்தில் பார்ப்பது எனக்கும் அதுவே முதல்தடவை. வெடிப்புகளுக்குள் பழைய செம்மண் கறுத்து இறுகியிருந்தது. பீர்க்கங்கூடு வேண்டாம் என்று விரலாலேயே தேய்த்தேன். இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, ஒருநாள் துண்டை மடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன்.

“விரல் இடுக்கையும் தொட. ஈரம் நின்னா சேத்துப்புண்ணு வந்துரும்.”

உட்கார்ந்து துடைத்தேன். “இந்தக் கால் யாரு கழுவுவா?” என்று வலது காலையும் நீட்டினார்.