வலிக்கு யார் சாட்சி

முதுகுவலிக்கு நான் கரண்ட் வைத்துக்கொள்கிறேன். வாரம் இரண்டு நாள் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய் இறங்குவதற்குள் வலி ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். குப்புறப் படுக்கச் சொல்வார்கள். முதுகெலும்புக்கு இருபுறமும் நான்கு பட்டைகளை ஒட்டி, கையடக்கமான பெட்டியின் குமிழைத் திருகுவார்கள். எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்துத் தூறல் மாதிரி ஒரு படபடப்பு. 20 நிமிஷம். வலி போய்விடுவதில்லை, அது பேசுவது காதில் விழாமல் போகிறது.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவர் வருவார். மண்டியில் நெல், மணிலா மூட்டை தூக்குகிறவர். வலி எவ்வளவு, 0-விலிருந்து 10-க்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்பது அங்கே முறை. நான் யோசித்து, நியாயம் பிசகாமல், 6 என்பேன். ஒரு நாள் அவர் அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கேட்டார்: 'எத்தினின்னு சொன்னா நாளைக்கு மூட்டை தூக்க வுடுவீங்கம்மா?'

அதுவரை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எனக்குக் கிடைக்கும் சுகம் உண்மையா, ஏமாற்றா என்பது.

அந்தக் கேள்வி அற்பமானதல்ல. 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இருவர், வலி காயத்திலிருந்து மூளைக்கு நேராக ஓடும் தந்தி அல்ல என்றார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது. தொடுதலைச் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பானால், வலியைச் சுமந்துவரும் மெல்லிய இழைகளுக்கு அது சாத்திக்கொள்கிறது. விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன. மையக் கருத்து நிற்கிறது. 1967-இல் வாலும் ஸ்வீட்டும் தங்கள் முகத்து நரம்பிலேயே மின்சாரம் செலுத்திப் பார்த்துவிட்டு நோயாளிகளிடம் போனார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை அம்மா தேய்த்துவிடுவதும் இதே காரியம்தான். கருவி செய்வது தேய்ப்பது மட்டுமே.

ஆனால் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல், இடுப்பு முதுகு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே வழிகாட்டியது. எல்லாவகை வலிகளையும் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, மின்சாரம் ஓடும்போதும் நின்ற உடனேயும் வலி குறைவதாகச் சொல்கிறது. அதற்கப்பால் உறுதி கிடையாது. ஆகவே என் 20 நிமிஷம் கருவியுடையதா, என் நம்பிக்கையுடையதா? என் வலிக்கு வெளியே சாட்சி இல்லை என்பதால், என் சுகத்துக்கும் இல்லை. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வகுத்த இலக்கணத்தை 2020-இல் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தது. விஞ்ஞானம் கடைசியில் வந்து நிற்பது நோயாளியின் வாய்ச்சொல்லில். இது எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் சொல்வதற்கு மதிப்பு வந்துவிட்டது. மூட்டைக்காரர் கேள்வி கேட்டதும் அந்தத் திருப்தி உடைந்தது. என் எண்ணைச் சொல்ல எனக்குச் சுதந்திரம் இருக்கிறது. அவருடைய எண்ணை அவருடைய கூலி சொல்கிறது.

இந்தப் பிரதேசத்தில் வலியைப் பற்றி யோசிக்கிறவன் இரண்டு இடங்களைத் தவிர்க்க முடியாது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு அங்கே சொல்கிறது. தெற்கே பண்ருட்டியருகில் திருவதிகை. தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்தவர், சூலைநோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரிடம் வந்து, அப்பராகப் பாடத் தொடங்கிய இடம். பெரிய புராணம் சைவத்தின் பக்கம் நின்று சொல்லும் கதை அது. சமயச் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒருவர் வேதனையைத் தேர்ந்துகொண்டார். மற்றவர் மேல் அது வந்து விழுந்தது. இரண்டிலும் வலிக்கு அர்த்தம் கிடைத்தது. என் முதுகெலும்பில் தேய்ந்துபோன வட்டுக்கு அர்த்தம் ஏதுமில்லை. மூட்டைக்காரரின் வலிக்கு இருப்பது காரணம் மட்டும்.

நம் வட்டாரத்தில் வலிக்கு ஒரு மரியாதை உண்டு. துக்கமில்லாத கவிதையை நாம் கவிதையாகவே சேர்த்துக்கொள்வதில்லை. நானும், வலி என்னைப் பிறர் பக்கம் திறந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறேன். கருவியைத் தொடத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மரத்துப்போய்விடுவேன் என்ற பயம். நான் எழுதியது பொய். வலிக்கும்போது என்னைத் தவிர யாரையும் நான் பார்த்ததில்லை. பல வாரங்களாகப் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்தவரின் தோளில் காய்த்துப்போன தழும்பு என் கண்ணில் பட்டது, பெட்டி ஓடிக்கொண்டிருந்த 20 நிமிஷத்தில்தான். வலியிலிருந்து கிடைத்த ஓய்வு எனக்குக் கொடுத்ததை வலி கொடுக்கவில்லை.

ஆகவே சுகம் உண்மையா என்ற கேள்வியை விட்டுவிட்டேன். சுகம் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியை விட முடியவில்லை. எனக்குக் கதவு சாத்தினால் நான் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவருக்குச் சாத்தினால் மறுநாள் மண்டியில் 75 கிலோ மூட்டை ஏறுகிறது. அவருடைய வலி சொல்லவந்த செய்தி சரியானது. கேட்கவேண்டிய காது அவருடையதல்ல.

வாலும் ஸ்வீட்டும் தங்கள் நரம்பில் சோதித்த அதே 1967-இல், ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஒரு மனிதன் சுமக்கத்தக்க பாரத்தைப் பற்றி உடன்படிக்கை செய்தது. அத்துடன் வந்த பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்று எழுதியிருக்கிறது. ஒரே வருஷத்தில் இரண்டு வைத்தியம். ஒன்று விழுப்புரத்துக் கட்டில்வரை வந்துவிட்டது. மற்றது இன்னும் அந்த மண்டிக்கு வந்துசேரவில்லை.

அடுத்த முறை அவர் 4 என்றார். நான் பேசாமல் படுத்திருந்தேன்.