விட்டுப்போன இரண்டு வசனங்கள்

இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா, நவம்பர் 9
எசே 47:1-2, 8-9, 12, 1 கொரி 3:9-11, 16-17, யோவா 2:13-22



324ஆம் ஆண்டு திருத்தந்தை சில்வெஸ்தர் நேர்ந்தளித்த கோவிலுக்கு இன்று விழா. உரோமை ஆயரின் கதீட்ரல் அது. கட்டடத்துக்கு விழா எடுக்கும் நாளில் திருச்சபை நமக்கு வாசிக்கக் கொடுத்திருப்பதோ தண்ணீரைப் பற்றி. எருசலேம் கோவிலின் வாயிற்படிக்குக் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது, கிழக்கே ஓடுகிறது, உப்புக் கடலில் விழுகிறது. விழுந்த இடமெல்லாம் உயிர் பிழைக்கிறது. எசேக்கியேல் கண்ட காட்சி.

கவனித்தீர்களா? முதல் வாசகத்தில் 9ஆம் வசனத்திலிருந்து நேராக 12க்குத் தாவிவிட்டோம். தவக்காலத்தில் இதே பகுதி வரும்போதும் அப்படித்தான் தாவுகிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் விவிலியத்தை எடுத்து 10, 11 வசனங்களைப் படியுங்கள். அந்தக் கடலோரம் முழுவதும் மீனவர்கள் நின்று வலைகளை உலர்த்துவார்கள் என்கிறது ஒன்று. அடுத்தது, அங்குள்ள சேற்று நிலங்களும் சதுப்பு நிலங்களும் மட்டும் நல்ல தண்ணீராக மாறமாட்டா, உப்புக்கென்று விடப்படும் என்கிறது. ரோமாபுரியில் உட்கார்ந்து வாசகம் பிரித்தவர்களுக்கு இந்த இரண்டும் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை போலும். மீனும் உப்பளமும் பிழைப்பாக உள்ள நம் மரக்காணத்தில் இருந்து பிரித்திருந்தால் இதைத்தான் முதலில் எடுத்திருப்பார்கள்.

11ஆம் வசனத்தைச் சாபம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. லேவியர் நூலில் உணவுப் படையல் எதுவும் உப்பில்லாமல் பலிபீடம் ஏறக்கூடாது. அந்த உப்புக்கு இடம் வேண்டுமே. ஆகவே சேற்றைச் சேறாகவே விட்டுவைக்கிறார் ஆண்டவர், அதற்கு வேலை இருப்பதால்.

நம் பக்கத்துத் தண்ணீரும் கிழக்கேதான் ஓடுகிறது. இப்போது பெய்துகொண்டிருக்கும் ஐப்பசி மழையில் திண்டிவனம், வானூர் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் தாண்டி, கடைசியில் போய்ச் சேருவது கழுவெளி. அங்கிருந்து எடையந்திட்டு முகத்துவாரம் வழியாக வங்கக் கடல். மழையில் நன்னீர், பிறகு உவர்நீர், கோடையில் வெடித்த களிமண் என்று ஆண்டுக்கு மூன்று முகம் காட்டுகிற காயல் அது. 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் 16ஆவது பறவைகள் சரணாலயம், 5,151 ஹெக்டேர். பூநாரையும் கூழைக்கடாவும் வருவதைப் பார்க்கப் போகிறோம், செல்போனில் படம் எடுக்கிறோம். அந்தப் பறவைகள் எதை நம்பி வருகின்றன என்று குனிந்து பார்ப்பவர் குறைவு.

தண்ணீர் வடிந்த கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வையுங்கள். மேலே மெல்லிய பழுப்பு ஏடு. கணுக்கால் இறங்கினால் உள்ளே மை போலக் கறுப்பு. கூடவே அழுகிய முட்டை வாடை. முகத்தைச் சுளிக்காமல் ஒரு கை அள்ளி வெயிலில் வையுங்கள். காற்றுப் பட்டதும் கறுப்பு மெல்ல வெளுத்துப் பழுப்பாகும். செத்த மண் அது என்று நினைத்தால் தவறு. அதில் ஒரு சிட்டிகைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அந்த நிறமும் வாடையும் அவை வேலை செய்வதன் அடையாளம்.

என்ன வேலை? இலை, செத்த மீன், நாம் விடுகிற சாக்கடை, வயலிலிருந்து வழிந்த உரம் எல்லாம் கடைசியில் அங்கே படிகிறது. கல்யாண வீட்டுப் பந்தி போல அதைத் தின்பவர்கள் முறை வைத்து உட்காருகிறார்கள். ஆக்சிஜன் உள்ள மேல் ஏட்டில் முதல் பந்தி. அது சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே நைட்ரேட்டைச் சுவாசிக்கிறவை. வயல் உரத்தின் நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பி அனுப்புபவை இவைதான். அப்புறம் இரும்பைச் சுவாசிக்கிறவை. அதற்கும் கீழே கடல்நீரின் சல்பேட்டைச் சுவாசிக்கிறவை. அந்த வாடை இவை விடும் ஹைட்ரஜன் சல்பைடு. அது இரும்போடு சேர்ந்தால்தான் அந்தக் கறுப்பு. கடைசிப் பந்தியில் மீத்தேன் உண்டாக்குகிறவை.

2012இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து மயிரிழையினும் மெல்லிய சரமாகச் சேற்றில் நிற்கின்றன. கீழ்முனையில் இருப்பவை சல்பைடை உண்கின்றன, மேல்முனையில் இருப்பவை ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன, நடுவில் மின்சாரம் ஓடுகிறது. ஒருவர் உண்ண, ஒருவர் மூச்சுவிட, உடல் ஒன்று. கொரிந்தியருக்கு எழுதியபோது பவுலுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் 12ஆம் அதிகாரத்தில் ஒரு வரி கூடியிருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தந்த ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 34ஆம் பத்தியில் பூஞ்சை, பாசி, புழுக்களோடு எண்ணற்ற நுண்ணுயிர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். வேதாகமத்தை மட்டும் படிப்பவர்கள் அந்தப் பத்தியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி, கொஞ்சம் கசப்பான பேச்சு. சேறு எல்லாவற்றையும் செரித்துவிடும் என்று தெரிந்ததும் நமக்கு ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. அருள் பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று உரோமையரைப் பவுல் கேட்டாரே, அதே கேள்விதான் இங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் கழிமுகத்தை மூடியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. இருக்கின்றன, பொய்யில்லை. ஆனால் அவை விரைந்து வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். கறுப்புச் சேற்றுக்குள் போன எண்ணெய் லேசில் கரையாது. 1969இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத் சதுப்பில் கொட்டிய எண்ணெய், முப்பது ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் அங்கேயே இருந்தது. அந்தப் பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் நம் மரக்காணம்.

ஈயத்தையும் பாதரசத்தையும் எந்த நுண்ணுயிராலும் இல்லாமல் ஆக்க முடியாது. சல்பைடு சில உலோகங்களைக் கட்டிப்போட்டு வைக்கும். சேற்றைக் கிளறினால் கட்டு அவிழும். பாதரசம் போனாலோ, அதே சேற்றுவாசிகளில் சில அதை இன்னும் கொடிய வடிவமாக மாற்றிவிடும். அது மீனுக்குப் போய், மீனைத் தின்ற கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். இறால் பண்ணையில் கொட்டும் ஆன்டிபயாடிக் மருந்து சேற்றிலிருப்பவற்றைக் கொல்வதோடு, மருந்துக்கு அசையாத கிருமிகளையும் வளர்த்துவிடும். 1996 டிசம்பர் 11 அன்று, சர்வோதயத் தலைவர் ஜெகநாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கட்டக் கூடாது என்றது. 2005இல் வந்த சட்டம் அதைத் தளர்த்திவிட்டது.

இன்றைய நற்செய்தியில் இயேசு சாட்டை பின்னினார். கோவிலை வியாபாரத்துக்கு வசதியான இடமாக மட்டும் பார்த்தவர்கள்மேல் அந்தக் கோபம். கழுவெளியைக் கழிவு விடுவதற்கு வசதியான பள்ளமாகப் பார்க்கிறவர்கள், அதன் கரையை வரப்பு போட்டு வளைக்கிறவர்கள் மேல் அந்தச் சாட்டை விழாது என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களில் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர்களும் இருக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். செப்டிக் டேங்க் எடுக்க லாரியைக் கூப்பிடும்போது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். ஏரிக்கரை, ஓடை என்றால் வேறு லாரி பாருங்கள். வண்டியின் பழைய இன்ஜின் ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். வயலுக்கு உரம் போடுமுன் மண் பரிசோதனை செய்து, வேண்டிய அளவு மட்டும் போடுங்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் ஏரியில் விழும் சாக்கடையை எழுதி எடுத்துப்போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை நின்று கேளுங்கள்; அன்பியக் குழுக்கள் இந்த வாரமே அதற்கு உட்காரட்டும்.