ஆப்தன் யார்?

தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுப் பையனை மின்சார நாற்காலிக்கு அனுப்புவதா, விடுவிப்பதா என்று தீர்மானிப்பதற்காக, நியூயார்க் நீதிமன்றத்தின் புழுக்கம் மிகுந்த அறையொன்றில் அடைக்கப்பட்ட 12 ஜூரர்களின் கதையை ரெஜினால்ட் ரோஸ் 1954-இல் தொலைக்காட்சி நாடகமாக எழுதினார். 1957-இல் சிட்னி லூமெட் அதை 'ட்வெல்வ் ஆங்ரி மென்' என்ற திரைப்படமாக்கினார். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் பையனே குற்றவாளி என்கிறார்கள். ஹென்றி ஃபாண்டா நடித்த எட்டாம் ஜூரர் மட்டும், அவன் நிரபராதி என்றும் சாதிக்காமல், தமக்குத் தெரியவில்லை என்கிறார்.

நம் தார்க்கிகர்கள் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம் ஆகியவற்றோடு சப்தத்தையும் பிரமாணமாகக் கொண்டு, ஆப்தனுடைய சொல்லே சப்தம் என்று வரையறுத்தார்கள். ஆப்தன் யார் எனில், பொருளை உள்ளபடி நேரே அறிந்தவனும், அறிந்தபடியே பிறருக்கு உணர்த்த விரும்புகிறவனும் என்பது வாத்ஸ்யாயனர் பாஷ்யம். இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் அவரே சொல்லிவைத்தார். சேரியில் பிறந்தவர்கள் எல்லாருமே பொய்யர்கள் என்று இரைகிற பத்தாம் ஜூரரை நோக்கி, அப்படியானால் அதே சேரியைச் சேர்ந்த எதிர்வீட்டுப் பெண்ணின் சாட்சியத்தை மட்டும் எப்படி நம்புகிறீர் என்று எட்டாமவர் வினவும்போது, அந்தப் பழைய பாஷ்யத்தின் நியாயம்தான் வேறொரு தேசத்தில் வேறொரு குரலில் பேசுகிறது.

ஆனால் என் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பவர் கீழ்வீட்டுக் கிழவர். மேலே உடல் விழுந்த ஓசை கேட்டு 15 விநாடிகளில் தம் வாசற்கதவை எட்டி, பையன் படியிறங்கி ஓடுவதைக் கண்டதாக அவர் சத்தியம் செய்து கூறியிருக்கிறார். பக்கவாதத்தால் காலை இழுத்து நடக்கும் அவருக்கு அத்தொலைவைக் கடக்க 40 விநாடிகளுக்கு மேலாகும் என்பது, ஜூரர் அறையில் நடந்து பார்க்கையில் தெரியவருகிறது. பொய்யர் என்று அவரைத் தள்ளிவிடுவது எளிது. ஜூரர்களில் மூத்தவரான ஒன்பதாமவரோ, சாட்சிக்கூண்டுக்கு வந்த அக்கிழவருடைய கோட்டின் தையல் பிரிந்திருந்ததையும், நொண்டுவதை மறைக்க அவர் பட்ட பாட்டையும் கவனித்திருந்தார். ஆயுள் முழுவதும் எவரும் பொருட்படுத்தாத மனிதர், ஒரே ஒருநாள் தம் சொல்லுக்குச் சபை செவிசாய்க்க வேண்டுமென்ற தாகத்தில், காணாததைக் கண்டதாகத் தாமே நம்பிவிட்டிருக்கலாம் என்கிறார். உணர்த்தும் விருப்பம் கிழவரிடம் நிறைய இருந்தது. அந்த விருப்பமே அறிவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைக் கண்டுபிடித்தது சந்தேகப் புத்தியன்று, காருண்யம்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கதை சிறிது. படுக்கையில் இருந்தபடியே, ஓடுகிற ரயிலின் சன்னல்கள் வழியே கொலையைக் கண்டதாகச் சொன்ன அவளுடைய மூக்கில் மூக்குக்கண்ணாடித் தழும்பு இருந்தது. படுக்கையில் கண்ணாடி அணிவார் உண்டோ?

எட்டாமவரும் பிழையற்றவர் அல்லர். கொலைக்கத்தியை ஒத்த மற்றொரு கத்தியைப் பையனுடைய வீட்டருகே வாங்கிவந்து அவர் மேசைமேல் குத்தி நிறுத்தும்போது நாம் கைதட்டுகிறோம். சட்டமறிந்தவர்களோ முகம் சுளிப்பார்கள். பிரமாணம் செய்யாத, குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியாக அவரே அங்கு மாறிவிடுகிறார் அல்லவா! எனினும் குற்றத்தை நிரூபிக்கும் பாரம் வாதித் தரப்பினுடையது. சந்தேகிப்பவன் எதையும் நிரூபிக்கக் கடமைப்பட்டவன் அல்லன்.

நியாயமான சந்தேகம் என்னும் இக்கோட்பாடு, தொடக்கத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைக் காக்க எழுந்ததன்று, நிரபராதியின் ரத்தப்பழி தன் ஆன்மாவை நரகில் தள்ளுமோ என்று நடுங்கிய கிறிஸ்தவ நீதிபதியையும் ஜூரரையும் காக்க எழுந்தது என்று சட்ட வரலாற்றறிஞர் ஜேம்ஸ் விட்மன் 2008-இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். அதை அறிந்தபின் மூன்றாம் ஜூரரை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். தம்மைப் பிரிந்துபோன மகன்மீதுள்ள கோபத்தை முன்பின் அறியாத பையன்மேல் ஏற்றிக் கடைசிவரை பிடிவாதமாக நின்ற அவர், அம்மகனுடைய புகைப்படத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அழுகிறார். அன்று அவ்வறையில் மயிரிழையில் தப்பியது பையனுடைய உயிர் மட்டும்தானா?

பையன் கொன்றானா, இல்லையா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. எல்லாரும் வெளியேறியபின், தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மூன்றாமவருடைய கோட்டை எடுத்துவந்து, எட்டாமவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை அவருக்கு அணிவிக்கிறார்.