பூட்டு நீங்கிய பாட்டு

பூட்டிய வீட்டில் புகாதவனைக் கள்ளாமை காத்தவன் என்று எவரும் போற்றுவதில்லை. கதவு திறந்திருக்கையில் அவன் என்ன செய்கிறான் என்பதே கேள்வி. பாட்டு வணிகத்தில் அக்கதவு நம் காலத்திலேயே திறந்தது.

ஆப்பிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் இணையவழிப் பாட்டுக் கடையைத் தொடங்கியபோது ஒரு பாட்டின் விலை 99 சென்ட். அப்பாட்டினுள் மறைவாக ஒரு பூட்டு இருந்தது. குறித்த சில கணிப்பொறிகளில் மட்டுமே அது ஒலிக்கும். காசு கொடுத்தவனுக்குப் பூட்டு. களவில் படியெடுத்தவனுக்கோ பூட்டும் இல்லை, விலையும் இல்லை! 2007 மே மாதம் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பாட்டுகள் ஒலித்தரம் கூட்டப்பெற்று, பூட்டின்றி, 1 டாலர் 29 சென்ட்டுக்கு அங்கே விற்கப்பட்டன. 2009இல் ஏனைய பெரிய நிறுவனங்களின் பாட்டுகளும் அக்கடையில் பூட்டு நீங்கின.

ஆனால் அப்பாட்டுகளில் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பொதிந்திருந்தன. அதற்கு அஞ்சிப் படியெடாதவன் நோன்பு காத்தான் அல்லன். பூட்டு இடம் மாறியது, அவ்வளவே.

படியெடுத்தால் எவர் பொருளும் குறையவில்லையே, விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போன்றதன்றோ என்பர் இளைஞர். உவமை அழகியதுதான். ஆயினும் இரண்டாம் விளக்கில் எரிவது நம் வீட்டு எண்ணெய். படியெடுத்த பாட்டில் எரிவதோ பாடியவரும் இசையமைத்தவரும் வார்த்த எண்ணெய். அதற்கு அவர்தம் இசைவு வேண்டும். கொடாததைக் கொள்ளுதல் என்று நம் சாவகநெறி விலக்குவதில் இதுவும் அடங்கும் என்பது என் துணிபு.

ஒரே இல்லத்தில் தாய் வாங்கிய பாட்டை மகள் தன் கருவியில் கேட்பதை நான் குறைகூறேன். முகமறியாத நூறு பேருக்கு அனுப்புவது வேறு. உற்ற நண்பன் ஒருவனுக்கு மட்டும் கொடுக்கலாமா? இதில் எனக்கும் என் மகனுக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை.